வெளியே வைத்த ஸ்விட்ச்

அம்மணி,

கத்தாமல் நான் உன்னிடம் பேசுவது அநேகமாக இதுதான் முதல் தடவையாக இருக்கும். போனில் நீ சொல்வதில் பாதி எனக்குப் பிடிபடுவதில்லை. பிடிபடாத பாதிக்கு நான் கத்த, அந்தப் பக்கம் நீ போனைக் காதைவிட்டுத் தள்ளிப் பிடிப்பது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு மாப்பிள்ளையுடன் நெதர்லாந்துக்குப் போகிறாய். அதற்கு முன்னால் நடக்கிற கல்லூரிக் கட்டடத் திறப்பு விழாவுக்கு வர முடியாது என்று ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாய். நீயும் நானும் சேர்ந்து வரைந்த கட்டடம் அது. நீ ஏன் வர மாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த அரங்கத்தில் அன்றைக்கு என்ன நடந்தது என்பது நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி நாமும் இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசாமலே உன்னை விமானம் ஏற்றி அனுப்ப என்னால் ஆகாது. நான் நீட்டி முழக்குகிறவன், உனக்குத் தெரியாததில்லை. சாவகாசமாக உட்கார்ந்து படி.

என் சத்தத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது சோமனூர்ப் பக்கம், தறிக்குடோனை ஒட்டிய வீட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிகள், இந்தப் பக்கம் அடுப்படி. எங்கள் வீட்டில் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவோம், ஆனால் கத்திப் பேசுவோம். "ஏனுங், சோறு ஆறிப்போகுதுங்க, வாங்க!" என்று என் அம்மா என் அப்பாவைக் கூப்பிட்டால், அசலூர்க்காரர்கள் ஏதோ சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள். தறி ஓடிக்கொண்டிருந்தால் எங்களுக்கு நிம்மதியான தூக்கம். கரண்ட் போய்த் தறி நின்றால் வீடே விழித்துக்கொள்ளும். விடாமல் ஓடுகிற சத்தம் எங்களுக்குச் சத்தமே கிடையாது. இதை எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்! அது என் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது என்று தெரிய எனக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

உன் அம்மா ஆர்.எஸ்.புரத்துப் பெண். அவர்கள் வீட்டில் டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல்தான் கீழே வைப்பார்கள். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க, உங்க ஊட்ல எல்லாருமே எம்மேல கோவமா இருக்கறாங்களே, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?" நான் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். எதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கிற ஆள். குனிந்து வரைய ஆரம்பித்தால் கூப்பிட்டாலும் நான் நிமிர மாட்டேன் என்று பார்த்துவிட்டு, அடுப்படி வாசலில் இருந்த என் அறை விளக்கின் ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட ஆரம்பித்தாள். சாப்பாடு என்றால் இரண்டு மின்னல். ஆள் வந்திருந்தால் மூன்று. வருகிறவர்களிடமெல்லாம், "எங்க ஊட்ல பெல்லு கிடையாதுங்க, மின்னல்தான்" என்று நான் ஜம்பம் பேசுவேன். நீயும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் என்னைக் கூப்பிட்டாய். விளையாட்டுக்குப் போட்டுப் போட்டு அணைத்து அவளிடம் முதுகில் ஒன்று வாங்கியதும் உண்டு. எனக்குக் காது மந்தமாகிக்கொண்டே வருகிறது என்பதை அந்த விளக்கு உனக்கும் எனக்கும் தெரியாமல் மறைத்துவிட்டது. அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. என் மனசு நோகும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

நம் கட்டடமும் அவளால் வந்ததுதான். அவள் வேலை பார்த்த கல்லூரியில் நாடகம் போட மேடை கிடையாது. ஆய்வக மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் அவளிடம் படிக்கிற பெண்கள் ஒத்திகை பார்ப்பார்கள். அவள் ஓய்வு பெற்ற பிறகு, புதிய ஆய்வகங்கள் கட்ட வேண்டும் என்று தாளாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கூடவே வந்த உன் அம்மா, நான் வாயைத் திறப்பதற்குள், "ஏனுங்க, மேடையும் அதுலயே சேத்துக் கட்டிப்போடலாமுங்களே. எடம் ஒண்ணுதான இருக்குது" என்றாள். தாளாளர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். ஆய்வகத்தையும் கலையரங்கத்தையும் ஒரே கட்டடத்தில் வைப்பது எவ்வளவு வில்லங்கம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? மேடையில் பெண்கள் வள்ளி கும்மி ஆடினால் பக்கத்து அறையில் மைக்ரோஸ்கோப் ஆடும். ரசாயனப் புகையை வெளியே தள்ளுகிற விசிறிகள் ஓடினால் அரங்கத்தில் வீணை கேட்காது. ஒன்றுக்கு அசைவு ஆகாது, மற்றதற்கு இரைச்சல் ஆகாது. முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

உடனே பெங்களூரிலிருந்து உன்னை வரவழைத்தேன். அரங்கங்களில் சத்தம் எங்கே எப்படிப் போய்ச் சேரும் என்று அளந்து சொல்வது உன் தொழில். ஊர்க்காரர்களுக்கெல்லாம் சொல்கிறாய், அப்பனுக்குச் சொல்ல மாட்டாயா? ஆனால் நீ வந்து உட்கார்ந்த நாளிலிருந்து நமக்குள் சண்டைதான். இரண்டு பகுதியையும் ஒரு பெரிய உத்தரத்தால் சேர்க்க வேண்டும், அதுதான் பார்வைக்கு லட்சணம் என்று நான். கூரை ஒன்றாகத் தெரியலாம், ஆனால் அஸ்திவாரம் தனித்தனியாக இருக்க வேண்டும், நடுவில் இடைவெளி விட வேண்டும், அதைத் தாண்டி ஒரு இரும்புக் கம்பிகூடப் போகக் கூடாது என்று நீ. "ஒட்டிப்போட்டா அக்கட்டால ஆடறது இக்கட்டால வந்துருமுங்கப்பா. தள்ளி நின்னாத்தான் ரெண்டும் சேந்து இருக்க முடியும்" என்றாய். ராகிக்களியை என் தட்டில் போட்டுக்கொண்டே உன் அம்மா, "அவ சொல்றதுதாஞ் செரீங்க" என்று உன் பக்கம் சாய்ந்துவிட்டாள். வீம்புக்கு ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு நீ சொன்னபடிதான் வரைந்தேன். கல்யாணத்துக்குப் புத்தி சொல் என்று உன் அத்தை என்னை நச்சரிக்கிறாள். எனக்கு வேறு புத்தி தெரியாது. நீ எனக்குச் சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன்: மாப்பிள்ளைக்கும் உனக்கும் நடுவில் அந்த இடைவெளியை விட்டு வை. ஆனால் அதைத் தாண்டிக் கூப்பிடுவதற்கு ஒரு வழியும் வைத்துக்கொள்.

கட்டடத்தில் அந்த வழியை வைத்தவளும் உன் அம்மாதான். மேடையில் நிகழ்ச்சி தொடங்குவதை ஆய்வகத்துக்கு எப்படித் தெரிவிப்பது? தெரிந்தால்தானே அவர்கள் இரைகிற எந்திரங்களை நிறுத்துவார்கள். நான் மணி வைக்கலாம் என்றேன். நீ மணிச் சத்தமே அரங்கத்துக்குள் வந்துவிடும் என்றாய். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "மணி எதுக்குங்க, லைட்டு வெச்சுப்போடுங்க. நம்மூட்ல வெக்கலீங்களா?" என்றாள். ஆய்வகத்துக்குள் இப்போது இருக்கிறதே அந்தச் சிவப்பு விளக்கு, அது அப்படி வந்தது. மேடைக்கு ஆள் ஏறினால் அது எரியும். அமில ஆவி கிளம்புகிற சோதனையில் கைவைத்திருந்தால் அவர்கள் பக்கத்திலிருந்தும் மேடைக்கு ஒரு விளக்கு, கொஞ்சம் பொறுங்கள் என்று. அதைக் கேட்ட தாளாளர், "அம்மா ரொம்ப யோசிச்சிருக்கறாங்க" என்று வியந்துபோனார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? என்னைக் கட்டிக்கொண்டு வாழ்ந்ததால் அவளுக்கு அது தெரிந்திருந்தது.

மேல்தளம் போட்டு முடித்த பிறகு ஒரு மதியம். இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். நான் என் அறையில் ஒப்பனை அறைகளின் காற்றோட்டத்தை வரைந்துகொண்டிருந்தேன். என் மேசைக்கு நேரே நடைக்கு அந்தப் பக்கம் குளியலறை. அதன் கதவுக்கு மேலே கண்ணாடி. உள்ளே விளக்கு எரிந்தால் என் இடத்திலிருந்தே தெரியும். அன்றைக்கு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் நிமிர்ந்து பார்த்தேன், எரிந்தது. குளிக்கிறாள் என்று மறுபடி குனிந்துவிட்டேன். அப்புறமும் ஒரு தடவை பார்த்தேன். பிறகு எனக்குப் பசித்தது. இன்றைக்கு ஏன் இன்னும் என் அறையில் மின்னல் வரவில்லை என்று நினைத்தேன். கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது, அம்மணி. அந்த எரிச்சலோடுதான் எழுந்து போய்க் கதவைத் தட்டிவிட்டுத் தள்ளித் திறந்தேன். வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டுக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள். பேச்சு வரவில்லை. நீ வந்து சேர்ந்த மறுநாள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, அம்மா கூப்புடலீங்களா?" நான் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன்: "இல்ல கண்ணு, கூப்புடல. கூப்புட்டிருந்தா ஓடியிருக்க மாட்டனா?" பொய் சொன்னேன் என்று நினைத்துவிடாதே. அன்றைக்கு எனக்கு அது சத்தியம். என் காதில் ஒன்றும் விழவில்லை, ஆகவே அவள் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. நீயும் என் கையைப் பிடித்துக்கொண்டு, விழுந்த உடனே நினைவு தப்பியிருக்கும், நான் தட்டின பிறகுதான் கண் திறந்திருப்பாள், வலி தெரிந்திருக்காது என்று எனக்கே ஆறுதல் சொன்னாய். அந்த ஆறுதலில்தான் இரண்டு பேரும் அவள் காரியங்களை முடித்தோம். அந்த ஆறுதலில்தான் நான் கட்டடத்தையும் கட்டி முடித்தேன்.

பிறகு நீ அரங்கத்தைச் சோதிக்க வந்தாய். நாற்காலிகள் போட்டாகிவிட்டது. திரை இன்னும் கட்டவில்லை. ஆய்வகப் பக்கத்து விசிறிகளை ஓடவிட்டு உள்ளே ஏதாவது கேட்கிறதா என்று முந்தின நாளே நான் பார்த்திருந்தேன். "சத்தம் சுத்தமா இல்லீங்க, ஊசி விழுந்தாக் கேக்கும்" என்று தாளாளரிடம் மார்தட்டியும் விட்டேன். நீ உள்ளே வந்ததும் நின்றாய். "அப்பா, இந்த ஃபேன் சத்தம் உங்களுக்குத் தொந்தரவாத் தெரியலீங்களா?" என்றாய். "எந்த ஃபேனு?" என்றேன். நீ என் முகத்தை உற்றுப் பார்த்தாய். பிறகு என்னைக் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டு மேடைக்குப் போனாய். "நான் கூப்புடறனுங்கப்பா, கேட்டாக் கையத் தூக்குங்க" என்றாய். உன் உதடு "அப்பா" என்று அசைந்தது. நான் கையைத் தூக்கினேன். மறுபடி அசைந்தது. மறுபடி தூக்கினேன். அருமையான அரங்கம், சாதாரணமாகப் பேசினாலே கடைசி வரிசைக்கு வருகிறதே என்று எனக்கு ஒரே பூரிப்பு. அப்போது நீ முதுகைக் காட்டித் திரும்பி நின்றாய்.

ரொம்ப நேரம் அப்படியே நின்றாய். ஏதோ கருவியைச் சரிசெய்கிறாய் போலிருக்கிறது, சோதனை இன்னும் தொடங்கவில்லை என்று நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். உன் தோள் குலுங்கியபோதுகூட இருமுகிறாயோ என்றுதான் நினைத்தேன். நீ திரும்பினபோது முகமெல்லாம் ஈரம். நான் பதறி எழுந்து, "ஏன் கண்ணு, என்னாச்சு?" என்று கத்தினேன். நீ படியிறங்கி என்னிடம் வந்தாய். என் முகத்துக்கு நேராக, நான் உதட்டைப் படிக்கும்படி மெதுவாகச் சொன்னாய்: "இத்தன நேரமா உங்களத்தானுங்கப்பா கூப்புட்டுட்டு இருந்தேன்." எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் உன் முகத்தில் இன்னொன்றும் தெரிந்தது. வராந்தாவில் நீ கேட்ட கேள்வி திரும்பி வந்து நம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. நீ அதைக் கேட்கவில்லை. "ஊர்க்காரங்க அரங்கத்தையெல்லாம் அளக்கறேன். நானும் கவனிக்கலையேப்பா" என்று மட்டும் சொன்னாய். அன்று சாயங்கால ரயிலிலேயே போய்விட்டாய்.

காது டாக்டரிடம் போனேன். தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சகஜம் என்றார். கனத்த சத்தங்கள் கேட்குமாம், பெண்கள் குரலும் ஸ, ஷ மாதிரி மெல்லிய ஓசைகளும்தான் முதலில் போகுமாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று நான் ஆபீசில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன், பாவம். கருவி மாட்டிவிட்டார்கள். வெளியே வந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கிறது, பிளாஸ்டிக் பை சரசரக்கிறது, ஒரே திகைப்பு. காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெண் தன் வீட்டுக்காரரை, "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. நான் வெடுக்கென்று திரும்பிவிட்டேன். திரும்பிப் பார்த்துவிட்டு, அங்கேயே தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். உன் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவள் கூப்பிட்டிருந்தால் அந்த ஒரு சொல்லால்தான் கூப்பிட்டிருப்பாள். அவள் உதட்டைப் பார்க்காமல் அது எனக்குக் கேட்டே பல வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அம்மா கூப்பிட்டாளா? எனக்குத் தெரியாது, அம்மணி. அதுதான் உண்மையான பதில். கூப்பிட்டிருக்கலாம், எனக்குக் கேட்டிருக்காது. ஆனால் அதைவிட என்னைக் கொல்லுவது இன்னொன்று. அவளுக்கு என் காதைப் பற்றித் தெரியும். இவருக்கு எங்கே கேட்கப்போகிறது என்று அவள் கூப்பிடாமலே கிடந்திருப்பாளோ? வழக்கம்போல விளக்கை அணைத்துப் போடத்தான் நினைத்திருப்பாள். நேர் எதிரே நான் உட்கார்ந்திருக்கிறேன், மேலே கண்ணாடி இருக்கிறது. ஸ்விட்ச் வெளியே இருந்தது. ஈரக் கையால் தொட்டுவிடக் கூடாது என்று நாமெல்லோரும் குளியலறை ஸ்விட்சைக் கதவுக்கு வெளியேதானே வைக்கிறோம்? அந்த வீட்டை வரைந்தவன் நான். அந்த ஸ்விட்சுக்கு வரைபடத்தில் புள்ளி வைத்தவன் நான். அணையாமல் எரிந்துகொண்டிருந்த அந்த விளக்கை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தவனும் நான். அய்யோ, ஒரு தடவையாவது அது மின்னியிருக்கக் கூடாதா!

இதையெல்லாம் உன் தலையில் இறக்கி வைக்க எழுதவில்லை. நீ "கவனிக்கலையே" என்றாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன். நீ எப்படிக் கவனித்திருப்பாய்? நினைவு தெரிந்த நாளிலிருந்து விளக்கைப் போட்டு அப்பனைக் கூப்பிட்ட பிள்ளை நீ. உனக்கு அது வீட்டு வழக்கம். அம்மா உனக்கும் சொல்லவில்லை. கூடவே இருந்த எனக்கே தெரியவில்லை, பெங்களூரில் இருந்த உனக்கு எங்கே தெரியும்? அந்த வருத்தத்தில் உனக்குப் பங்கு கிடையாது, கண்ணு. அது முழுக்க என்னுடையது. கல்யாணப் பெண் அதைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கடல் கடந்து போகக் கூடாது. அங்கே போய்க் குடியேறும் வீட்டில் குளியலறைக்குள் கை எட்டும் இடத்தில், தரையில் கிடந்தாலும் எட்டும் இடத்தில், கூப்பிட ஒரு வழி இருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் மாப்பிள்ளையிடம் சொல்லி வைக்கச் சொல். மாமனார் கிறுக்கன் என்று அவர் நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நம் கட்டடத்தில் வைத்துவிட்டேன். எல்லாக் கழிப்பறையிலும், ஒப்பனை அறையிலும், ரசாயனம் வைக்கிற அறையிலும் தரைவரை தொங்கும் ஒரு கயிறு. இழுத்தால் நடையில் விளக்கு மின்னும். நீ சொன்ன அந்த விசிறிகளையும் கூரையின் கோடிக்கு மாற்றிவிட்டேன். தாளாளர் கயிறுகளைப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, வரைபடத்துல இல்லையே?" என்றார். "விட்டுப்போச்சுங்க" என்றேன்.

திறப்பு விழாவுக்கு நீ வர வேண்டாம். மாலையும் பேச்சும் நமக்கு எதற்கு? அவள் பெண்கள் கும்மி ஆடுவார்கள், மைக்ரோஸ்கோப் ஆடாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒரு காலை நேரம் மட்டும் வா. சாவி என்னிடம்தான் இருக்கிறது. நீ மேடையில் ஏறி முதுகைக் காட்டி நில். நான் அதே கடைசி வரிசையில், கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ என்னை ஒரு தடவை கூப்பிடு. கேட்டால் கையைத் தூக்குகிறேன். கேட்காவிட்டால் தூக்க மாட்டேன், அம்மணி. நீ திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்.

அப்பா